கேம் கன்சோலில் தேங்காய் எண்ணெய் விடலாமா?
வாசகர் கேள்வி – பதில்

கையடக்க கேம் கன்சோல் பற்றி வந்த கடிதங்களைப் பிரித்தால், ‘பழுது’ என்று எழுதப்பட்டவற்றில் பலவும் பழுதே அல்ல, அழுக்கு. மீதியில் சில, அழுக்கைத் துடைக்கப் போய் வந்த பழுது. அதனால் எதைக்கொண்டு துடைப்பது என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

என் மகன் சாப்பிட்ட கையோடு நிண்டெண்டோ ஸ்விட்ச்சை எடுத்துவிடுகிறான். திரை, பட்டன் எல்லாம் முறுக்கு எண்ணெய். வீட்டில் சானிடைசர், மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே மூன்றும் இருக்கின்றன. எதைப் போட்டுத் துடைக்கலாம்?
— வாசகி, திருநெல்வேலி

மூன்றுமே வேண்டாம். கை வறண்டுபோகாமல் இருக்க சானிடைசரில் கிளிசரின் போன்ற பொருள்கள் சேர்ப்பார்கள். ஆல்கஹால் பறந்துவிடும், அந்தப் பிசுபிசுப்பு பட்டன் இடுக்கில் தங்கி மேலும் தூசியைச் சேர்க்கும். ஸ்பிரிட் பாட்டிலில் ஆல்கஹாலோடு வேறு என்ன கலந்திருக்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கண்ணாடி ஸ்ப்ரேயில் அம்மோனியா இருந்தால் திரைப் பூச்சு போய்விடும். ஆல்கஹால் பட்டால் ஜாய்-கான் (ஸ்விட்ச்சின் இரு பக்கமும் கழற்றக்கூடிய கன்ட்ரோலர்) பிளாஸ்டிக் நிறம் மங்கலாம், உருமாறலாம் என்று நிண்டெண்டோவே 2020-இல் ஜப்பானில் எச்சரித்தது.

உங்களுக்குத் தேவை தண்ணீர்தான். கன்சோலை ஸ்லீப்பில் விடாமல் முழுதாக அணையுங்கள். ஜாய்-கான் இரண்டையும் கழற்றுங்கள். மூக்குக்கண்ணாடி துடைக்கிற மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பிழிந்தால் ஒரு சொட்டுகூட விழாத அளவுக்குப் பிழிந்துவிட்டு, திரையை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு விட்டு, அதில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீர்த் துணி, கடைசியில் உலர்ந்த துணி. தண்ணீரையோ வேறு எதையுமோ கருவியின்மேல் நேராகத் தெளிக்கக் கூடாது.

பட்டன்களைச் சுற்றி இருக்கும் கறுப்புக் கோடு, தோல் எண்ணெயும் தூசியும் சேர்ந்த மெழுகு. மரப் பல்குச்சியைச் சாய்வாகப் பிடித்து வட்டமாக ஓட்டினால் சுருள் சுருளாக வந்துவிடும். குண்டூசி எடுக்காதீர்கள். தூசித் துணுக்குகளை எப்போதும் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், உள்ளே அல்ல.

ஒரு எச்சரிக்கை. சாதா ஸ்விட்ச்சின் திரை பிளாஸ்டிக், எளிதில் கீறும். முதலில் தூசியை ஊதித் தள்ளிவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும். ஓஎல்இடி மாடலின் திரை கண்ணாடி. அதன்மேல் ஒட்டியிருக்கும் படலம், புது போனில் வருவதுபோல உரித்துப் போட வேண்டியதல்ல. கண்ணாடி உடைந்தால் சிதறாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே ஒட்டியது. பலர் நகத்தால் கிளப்பிவிட்டுப் பிறகு கடிதம் எழுதுகிறார்கள்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம் என்று எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கிடைப்பதை ஒரு சின்ன பாட்டில் வாங்கி வையுங்கள். அது மின்தொடர்பு உள்ள பாகங்களுக்கும் லென்ஸுக்கும் மட்டும், வெளி பிளாஸ்டிக்குக்கு அல்ல. கீழே சில பதில்களில் அது வரும்.

ஸ்விட்ச்சின் இடது ஸ்டிக்கைத் தொடாமலே பொம்மை தானாக நடக்கிறது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சரியாகும் என்கிறார் நண்பர். தையல் மெஷின் எண்ணெய் நல்லது என்கிறார் இன்னொருவர்.
— வாசகர், ஈரோடு

இருவர் பேச்சையும் கேட்காதீர்கள். இது மூட்டு இறுகியதால் வரும் கோளாறு அல்ல, எண்ணெயில் இளகுவதற்கு.

ஸ்டிக்கின் அடியில் மெல்லிய தகடு ஒன்று, அதன்மேல் கரி பூசிய தடங்கள் இருக்கின்றன. ஸ்டிக்கை அசைக்கும்போது முடி போன்ற உலோக விரல்கள் அந்தக் கரியின்மேல் உரசிக்கொண்டு நகரும். விரல் நிற்கும் இடத்துக்கு ஏற்ப மின்தடை மாறும். அந்த மாற்றத்தைப் படித்துத்தான் நீங்கள் எந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள் என்று கன்சோல் தெரிந்துகொள்கிறது. நாள்பட உரசி உரசிக் கரி தேய்கிறது. தேய்ந்த தூளும் வெளியிலிருந்து போன தூசியும் விரலுக்கும் தடத்துக்கும் நடுவில் உட்கார்ந்தால் மதிப்பு தவறாகப் போகும், பொம்மை நடக்கும். இதைத்தான் ட்ரிஃப்ட் என்கிறார்கள். இங்கே எண்ணெய் விட்டால் தூள் குழைந்து பசையாகும். அதன்பின் சுத்தம் செய்யவே முடியாது.

முதலில் செலவில்லாத வேலை. சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர்கள், சென்சார்கள் பகுதிக்குப் போய் ஸ்டிக் கேலிப்ரேஷன் (ஸ்டிக்கின் நடுப்புள்ளியையும் விளிம்பையும் சரிசெய்வது) செய்யுங்கள். திரையில் தெரியும் புள்ளி, கையை எடுத்ததும் நடுவுக்கு வருகிறதா, வட்டத்தின் விளிம்புவரை போகிறதா என்று பாருங்கள். சில சமயம் இத்தோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் மின்தொடர்பு முனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயான கான்டாக்ட் கிளீனர் வாங்குங்கள். டப்பாவில் ‘பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது’, ‘படிவு விடாதது’ என்று போட்டிருக்க வேண்டும். துரு நீக்க வீட்டில் வைத்திருக்கும் சாதாரண ஸ்ப்ரே வேறு, இது வேறு. அது எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும். ஜாய்-கானைக் கன்சோலிலிருந்து கழற்றி, ஸ்டிக்கை ஒரு பக்கம் முழுதாகச் சாய்த்தால் அடியில் பாவாடை போன்ற ரப்பர் தெரியும். அதன் ஓரத்தைப் பல்குச்சியால் லேசாகத் தூக்கி, டப்பாவோடு வரும் மெல்லிய குழாயைச் செருகி, ஒரு நொடிக்கும் குறைவாக ஒரே ஒரு பீச்சு. உடனே ஸ்டிக்கை முப்பது சுற்று சுற்றுங்கள். எதிர்ப் பக்கமும் அதேபோல. அரை மணி நேரம் காயவிட்டுத் திரும்ப கேலிப்ரேட் செய்யுங்கள்.

தூசிதான் காரணம் என்றால் இது நிலைக்கும். கரியே தேய்ந்திருந்தால் சில வாரங்களில் பொம்மை மறுபடி நடக்கத் தொடங்கும். அப்போது ஸ்டிக்கை மாற்றுவதுதான் வழி. பின்பக்கத்தில் நான்கு ஸ்க்ரூ, ஒய் வடிவப் பள்ளம். அதற்கு ட்ரை-விங் ஒய்00 ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். நட்சத்திர முனையை வைத்து அழுத்தித் திருகினால் பள்ளம் மழுங்கி, அதற்குப் பிறகு எந்த டிரைவரும் பிடிக்காது. உள்ளே இரண்டு பாதிகளையும் ரிப்பன் கேபிள்கள் இணைக்கின்றன. புத்தகம் போல மெதுவாகத் திறவுங்கள், பிரித்து இழுக்காதீர்கள். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஸ்டிக்கின் ரிப்பனைப் பிடித்திருக்கும் கறுப்புத் தாழ்ப்பாளை நகத்தால் மேலே தூக்கிய பிறகுதான் ரிப்பனை உருவ வேண்டும். மாற்றுவதென்று முடிவானால், காந்தத்தைக் கொண்டு இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் வாங்குங்கள். அதில் உரசுகிற கரித்தடமே இல்லை.

இவ்வளவும் வாரண்டி முடிந்த கருவிக்கு. வாரண்டி இருந்தால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.

பரணில் பழைய சோனி பிஎஸ்பி கிடைத்தது. பின்மூடி மூட மாட்டேன் என்கிறது. பேட்டரி கொஞ்சம் உப்பலாக இருக்கிறது. அழுத்தி மூடி சார்ஜ் போட்டுப் பார்க்கலாமா? டிஸ்க்கும் படிக்கவில்லை.
— வாசகர், சென்னை

அழுத்த வேண்டாம், சார்ஜ் போடவே வேண்டாம். பேட்டரிக்குள் வாயு சேர்ந்து வீங்கியிருக்கிறது. வீங்கிய லித்தியம் பேட்டரியை அமுக்கினாலோ குத்தினாலோ உள்ளே இரு தகடுகளும் தொட்டுத் தீப்பிடிக்கும். நெம்ப உலோகக் கம்பி கூடாது. கையால் வராவிட்டால் பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் ஓரத்தால் கிளப்பி எடுங்கள். முனைகளில் டேப் ஒட்டி, தீப்பற்றாத பாத்திரத்தில் தனியாக வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள்.

இனி நல்ல செய்தி. பேட்டரி இல்லாமலே 5 வோல்ட் சார்ஜரில் பிஎஸ்பி ஓடும். கருவி உயிரோடு இருக்கிறதா என்று அப்படிப் பார்த்துவிட்டுப் புது பேட்டரி தேடலாம். 2004-இல் வந்த முதல் தடித்த மாடலான 1000-க்கு 1800 எம்ஏஎச் பேட்டரி. 2000, 3000 மாடல்களுக்கு மெலிந்த 1200 எம்ஏஎச். தடித்தது மெலிந்த கருவியில் வைத்தால் மூடி மூடாது, எனவே மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கடையில் அதே மெல்லிய அளவில் ‘3600 எம்ஏஎச்’ என்று எழுதியதைக் காட்டுவார்கள். நம்பாதீர்கள். மெலிந்த மாடலுக்கு சோனி 2200 விற்றபோதே அதற்குத் தனியாக ஒரு தடித்த மூடியும் சேர்த்துத்தான் கொடுத்தது.

டிஸ்க் விஷயம்: யுஎம்டி (பிஎஸ்பியின் சின்ன டிஸ்க்) போடும் கதவைத் திறந்தால் உள்ளே கடுகளவு லென்ஸ் ஒன்று நீலச்சாயலோடு மின்னும். காட்டன் பட்ஸில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, ஈரத்தைக் காகிதத்தில் ஒற்றிவிட்டு, லென்ஸின் மேல் எடை தராமல் இரண்டு வட்டம். உடனே உலர்ந்த பட்ஸால் இன்னொரு வட்டம். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் சாயும். டிஸ்க்கின் பிளாஸ்டிக் உறை இரண்டாகப் பிளந்திருந்தாலும் படிக்காது. அதையும் பாருங்கள்.

மாமா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கேம் பாய் கலர். பேட்டரி போடும் இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. ஆன் ஆகவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?
— வாசகி, மதுரை

போடாதீர்கள். 1998-இல் வந்த கருவி அது, உள்ளே கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

முதலில் பழைய பென்சில் பேட்டரியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், மருந்து அதைப் பொறுத்தது. ‘அல்கலைன்’ என்றால் கசிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். காற்றுபட்டு வெள்ளை உப்பாகிவிடும். அதற்கு வினிகர். ‘ஹெவி டியூட்டி’ என்றால் துத்தநாக-கார்பன் பேட்டரி, சுவர்க் கடிகாரத்துக்கு மலிவாக வாங்குவது. அதன் கசிவு அமிலத் தன்மை உள்ளது. அதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்த பசை. எல்லாவற்றுக்கும் வினிகர் என்று ஊற்றுகிறவர்கள் அமிலத்தின்மேல் அமிலம் விடுகிறார்கள். பச்சை நிறம் இரண்டிலும் வரும், அது செம்பு அரிக்கப்பட்ட அடையாளம்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் படக் கூடாது. உலர்ந்த பொருக்கை மரக்குச்சியால் சுரண்டிக் கவிழ்த்துத் தட்டிவிடுங்கள். பட்ஸில் வினிகர் தொட்டுத் தகட்டின்மேல் வைத்தால் பொரிந்து நுரைக்கும். நுரை நிற்கும்வரை புதுப் புது பட்ஸாக மாற்றுங்கள். பிறகு தண்ணீர் தொட்ட பட்ஸ், கடைசியில் ஆல்கஹால். வினிகர் மிச்சமிருந்தால் அதுவே நாளைக்கு அரிக்கும். தகடு மங்கலாகவே இருந்தால் நகம் தேய்க்கும் அரத்தால் பளபளப்பு தெரியும்வரை லேசாகத் தேய்க்கவும். ஸ்பிரிங் பொடிந்துவிட்டால் மாற்றுத் தகடு தனியாகக் கிடைக்கிறது, ஈயம் வைத்து ஒட்ட வேண்டும்.

இன்னும் ஆன் ஆகவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ஆன்-ஆஃப் ஸ்விட்ச். பேட்டரியை எடுத்துவிட்டு, இடுக்கில் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். விளையாடும்போது திடீரென அணைந்து எரிகிற பழைய கேம் பாய்களிலும் குற்றவாளி பெரும்பாலும் இந்த ஸ்விட்ச்தான்.

கேம் பாய் அட்வான்ஸில் போகிமான் ரூபி போட்டால் ‘உள் பேட்டரி தீர்ந்துவிட்டது’ என்று வருகிறது. சேவ் எல்லாம் போய்விடுமா? கார்ட்ரிட்ஜை ஊதிப் போட்டேன், மாறவில்லை.
— வாசகர், கோயம்புத்தூர்

ஊதுவதை நிறுத்துங்கள். வாயிலிருந்து காற்று மட்டும் போவதில்லை, எச்சில் ஈரமும் போகிறது. ஊதியதும் வேலை செய்வது, எடுத்துத் திரும்பச் செருகியதால் முனைகள் சரியாகப் பதிவதால்தான். பட்ஸில் ஆல்கஹால் தொட்டு, பித்தளை நிற முனைகளின் நீளவாக்கில் துடையுங்கள். பட்ஸ் கறுப்பாக வருவது நிற்கும்வரை மாற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் காயட்டும். உப்புத்தாள் கூடவே கூடாது, தங்கப் பூச்சு போய்விடும்.

அந்தச் செய்திக்கும் அழுக்குக்கும் சம்பந்தமில்லை. ரூபி, சஃபையர், எமரால்டு மூன்றிலும் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். சேவ் வேறு சிப்பில் இருக்கிறது, போகாது. நேரம் சார்ந்த நிகழ்வுகள்தான் நின்றுபோகும். உள்ளே இருப்பது சிஆர்1616 பட்டன் செல். மாற்றும்போது, உலோகக் கால் வைத்துப் பற்றவைக்கப்பட்ட செல்லாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் செல்லின்மேல் நேராக ஈயம் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம்.

போகிமான் கோல்டு, சில்வர் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் சேவ் செய்ததையே தாங்கிப் பிடிப்பது அந்த பேட்டரிதான். கழற்றிய நொடியில் சேவ் போய்விடும். கார்ட்ரிட்ஜ் ரீடர் கொண்டு சேவ் செய்ததைக் கணினியில் எடுத்து வைத்த பிறகே கை வையுங்கள்.

கன்சோலின்மேல் தேநீர் கொட்டிவிட்டது. அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறோம். எத்தனை நாள் வைக்க வேண்டும்?
— வாசகி, தஞ்சாவூர்

அரிசியிலிருந்து கன்சோலை உடனே எடுங்கள். திறந்த காற்றில் காய்வதைவிட அரிசி வேகமாக ஈரத்தை இழுப்பதில்லை. மாவுத்தூள்தான் சார்ஜ் துளையில் அடைக்கும். தேநீரில் தண்ணீர் ஒரு பிரச்சினையே இல்லை, காய்ந்துவிடும். சர்க்கரையும் பாலும் காயாது. போர்டின்மேல் ஒட்டிக்கொண்டு, ஈரக்காற்றை இழுத்துச் சில வாரங்களில் அரிக்கத் தொடங்கும்.

சார்ஜரில் போட்டுப் பார்க்காதீர்கள். இன்னும் எரிந்துகொண்டிருந்தால் பவர் பட்டனை (நிண்டெண்டோ ஸ்விட்ச் என்றால்) 12 நொடிக்குமேல் அழுத்திப் பிடித்துக் கட்டாயமாக அணையுங்கள். கேம் கார்டு, எஸ்டி கார்டு எடுத்துவிட்டு, துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்கச் சாய்த்து வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், சூடு பேட்டரிக்கு ஆகாது, காற்று தேநீரை இன்னும் உள்ளே தள்ளும். ஒருநாளுக்குள் திறந்து பேட்டரியைத் துண்டித்து, போர்டை 99 சதவீத ஆல்கஹாலும் மென்மையான பல் பிரஷும் கொண்டு கழுவிவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. போன் சர்வீஸ் கடைகளில் இது அன்றாட வேலை. கொடுக்கும்போது ‘தண்ணீர் பட்டது’ என்று சொல்லாமல் ‘சர்க்கரை போட்ட தேநீர்’ என்றே சொல்லுங்கள்.

ஸ்டீம் டெக்கில் ஃபேன் சத்தம் அதிகம். வெளியிலிருந்து ஏர் ஸ்ப்ரே அடித்தால் போதுமா, திறக்க வேண்டுமா?
— வாசகர், பெங்களூரு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்பக்கத் துவாரங்களைக் காய்ந்த பிரஷால் தேய்த்து, அணைத்த நிலையில் கேமராவுக்கு விற்கும் ரப்பர் பல்பால் ஊதினால் பெரும்பாலும் போதும். ஏர் டப்பா என்றால் நிமிர்த்திப் பிடித்து, ஒரு சாண் தள்ளி, விட்டு விட்டு அடியுங்கள். கவிழ்த்தால் குளிர்ந்த திரவமே வந்து விழும்.

திறப்பதாக இருந்தால், முதல் வேலை மைக்ரோ எஸ்டி கார்டை எடுப்பது. மறந்து பின்மூடியைக் கிளப்பினால் கார்டு இரண்டாக உடையும். இந்தக் கருவியில் அதிகம் நடக்கும் விபத்து இதுதான். பேட்டரி 25 சதவீதத்துக்குக் கீழ் இருக்கட்டும். பின்னால் எட்டு ஸ்க்ரூ, இரண்டு நீளம். காகிதத்தில் கருவியின் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் பிளாஸ்டிக் பிளக்கும். எல்சிடி மாடலில் ஸ்க்ரூ நேராக பிளாஸ்டிக்கில் ஏறுகிறது. திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கமாகச் சுற்றி, ‘டிக்’கென்று பழைய மரையில் விழுந்ததை உணர்ந்த பிறகு வலப்பக்கம் முறுக்குங்கள். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் அதன் பேரிங் போய்விடும்.

பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை மகளின் கன்சோலைப் பீரோவில் பூட்டி வைக்கப் போகிறேன். முழு சார்ஜ் போட்டு வைக்கவா, தீர்த்துவிட்டு வைக்கவா?
— வாசகி, நாகப்பட்டினம்

இரண்டும் இல்லை, பாதி. முழு சார்ஜில் மாதக்கணக்காகக் கிடந்தால் லித்தியம் பேட்டரி முதுமை அடையும். அடியோடு தீர்ந்து கிடந்தால் மறுபடி எழுந்திருக்காமலே போகலாம். 50 சதவீதத்தில் முழுதாக அணைத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் போடச் சொல்கிறது நிண்டெண்டோ. வெயில் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. பென்சில் பேட்டரி போடும் கருவி என்றால் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள்.

உங்கள் ஊரில் உப்புக்காற்று. இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் வகை என்றால், ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது, மாற்றுங்கள். சிலிகான் உறையைக் கழற்றிவிடுங்கள், வியர்வை அதற்குள் அடைந்து கிடக்கும்.

பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைப்பதானால் அந்துருண்டை இல்லாத தட்டாகப் பாருங்கள். அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கும். சார்ஜரையும் கூடவே பூட்டிவிடுங்கள். சாவி இருக்குமிடம் மகளுக்குத் தெரிந்திருந்தால் அதற்கு எங்களிடம் வழியில்லை.